நிழல் குடிவராத வீடு

ஆனைக்கெடங்குக்கு வரணும்னா வத்தலக்குண்டுல பஸ்ஸ விட்டு எறங்கி, அடிவாரத்துல வரிசையா நிக்கிற ஜீப்புகள்ல எது ரொம்பக் கெழடா இருக்கோ அதுல ஏறணும். அதுதான் என் வண்டி. என் பேரு சவரிமுத்து. வாக்கப்பட்டு வந்த பொண்ணுகளும் கோவிச்சுக்கிட்டுப் போன பொண்ணுகளும், காப்பி மூட்டையும் மிளகு மூட்டையும், ஆஸ்பத்திரிக்குப் போனவங்களும் அங்கருந்து திரும்பி வந்தவங்களும், எல்லாரும் இந்த வண்டியில ஏறி எறங்கினவங்கதான். ஏறினவங்க யாரும் வாயை மூடிக்கிட்டு வந்ததா சரித்திரமே கெடையாது, அந்தத் திருப்பூர்க்காரர் ஈசுவரமூர்த்தியைத் தவிர. மனுசன் கோடாலியையும் ரம்பத்தையும் துணி சுத்தி மடியில வச்சுக்கிட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் கண்ணை மூடிக்கிட்டு, ஏதோ திருடிட்டு வந்த மாதிரி ஒடுங்கி உக்காந்திருந்தாரு. பேசினதெல்லாம் அவரு சம்சாரம் கலாமணிதான்.

"எங்க வீட்டுக்காரரு சாயப்பட்டறையில மேனேசரா இருந்தாருங்ண்ணா. இவரு தலையாட்டினாத்தான் சாயத்தண்ணிய ஆத்துல தொறந்து விடுவாங்க. இவரும் தலையாட்டிட்டேதான் இருந்தாரு. ஒரு நா மாமனார் ஊருக்குப் போறோம், தோப்புல அத்தன தென்னையும் மொட்டையா நிக்குது, கெணத்துத் தண்ணி ஊதாக் கலர்ல கெடக்குது. மாமனார் ஒரு வார்த்த கேக்கலீங். ஒரு சொம்புல அந்தத் தண்ணிய மொண்டு குடுத்தாரு, அவ்வளவுதான். அன்னைக்கு வேலைய விட்டவருதாங்க. இனி யாருக்கும் ஒரு கெடுதல் பண்ண மாட்டேன், யாரு கையையும் எதிர்பாக்க மாட்டேன், என்ற கையாலயே வீடு கட்டி, என்ற கையாலயே வெளைய வச்சுத் தின்னுக்கறேன்னு ஒரே புடியா நிக்கறாருங்."

அதுக்கு அவரு பண்ணின ஆயத்தத்தைக் கேட்டீங்கன்னா அசந்துபோவீங்க. போன்ல படம் பாத்துப் பாத்து, மரத்தை முழுசு முழுசாப் போட்டு ஆணியில்லாம வீடு கட்டுற வித்தையப் படிச்சிருக்காரு. பொங்கலுக்கு வந்த கரும்பையெல்லாம் சாப்பாட்டு மேசையில துண்டு துண்டா நறுக்கி, முனைக்கு முனை பள்ளம் செதுக்கி, ஒண்ணு மேல ஒண்ணு உக்கார வச்சு, சின்னதா வீடு கட்டிப் பழகியிருக்காரு. காலையில கட்டுவாராம், பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணன் பிள்ளைங்க வந்து செவுத்தைக் கடிச்சுத் தின்னுட்டுப் போயிடுமாம். பட்டை உரிக்கக் கத்துக்கிட்டாரு, தேன்பெட்டி வைக்கக் கத்துக்கிட்டாரு, சாம்பல்ல சோப்புப் பண்ணக் கத்துக்கிட்டாரு, செருப்பு தைக்கக் கத்துக்கிட்டாரு, கல்லை உரசித் தீ மூட்டுறதுக்கு ஒரு மழைக்காலம் பூரா உக்காந்து விரலைப் புண்ணாக்கிக்கிட்டாரு. தீப்பெட்டிகூட இன்னொருத்தன் கையால வந்ததா இருக்கக் கூடாதாம்! எனக்குச் சிரிப்பு தாங்கல. "அப்ப நம்ம ஜீப்பு மட்டும் என்ன கணக்கு சார்?"னு கேட்டேன். அப்பத்தான் மனுசன் வாயைத் தொறந்தாரு. "இதுதான் கடைசி வண்டிங்ண்ணா. இனி நடந்துக்குவேன்."

வெறும் பேச்சில்ல, அப்படியேதான் செஞ்சாரு. ஊருக்கு மேக்கால, பழைய காப்பித் தோட்டம் ஒண்ணை வாங்கி, கூடாரம் அடிச்சு, புருஷனும் பொண்டாட்டியும் குடியிருந்தாங்க. அங்கதான் வெனை ஆரம்பிச்சுச்சு.

எங்க மலையில காப்பிச் செடிக்கு நெழல் வேணும், அந்த நெழலுக்காக சில்வர் ஓக் மரம் நெட்ட நெட்டையா நிக்கும், அந்த மரத்து மேல மிளகுக்கொடி ஏறியிருக்கும். மரம் நெலத்துக்காரங்களுக்கு, கொடி நட்டவங்களுக்கு. நெலம் இல்லாத பொம்பளைங்க அடுத்தவங்க மரத்துல கொடியை ஏத்தி விட்டுப் பொழைச்சுக்கிறது இங்க வழக்கம். நெலம் கை மாறினா, கொடிக்காரி ஒரு தூக்குச்சட்டி நெறைய மிளகு ரசம் வச்சுப் புது ஆளு வீட்டுக்குக் கொண்டுபோவா. வாங்கி ஒரு வாய் குடிச்சா, கொடி இருந்துட்டுப் போகட்டும்னு அர்த்தம். வாங்கலைன்னா, உன் கொடிக்கு எடமில்ல, பேச்சும் இல்லைன்னு அர்த்தம். அதுக்கப்புறம் கொடிக்காரி வாயைத் தொறந்து கேக்கக் கூடாது, கேட்டா அது பிச்சையாயிரும். எழுத்துக் கெடையாது, சாட்சிக் கெடையாது, ரசம்தான். வாங்காத ஆளை எங்க ஊரு பாத்ததே இல்லை. உலகம் பூரா இப்படித்தான் நடக்குதுன்னு நாங்க நெனச்சுக்கிட்டிருந்தோம்.

அந்தத் தோட்டத்துக் கொடியெல்லாம் ஒச்சம்மாவோடது. அவ புருஷன் ஏலத்தோட்ட வேலைக்குன்னு கேரளா போனவன் அங்கயே இன்னொரு குடும்பம் பண்ணிக்கிட்டான். சேதி வந்த அன்னைக்கு, "போறான் போ, அரிசி மிச்சம்"னு சொல்லிட்டுக் கொடி நடப் போனவ அவ. வாயி நீளம், நடை வேகம், யாருக்கும் தலை குனியாத பொம்பளை. அந்தக் கொடிதான் அவளுக்குச் சோறு, சீலை, தீவாளி, மருந்து மாத்திரை எல்லாம். ஒரு ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு நாங்க எல்லாம் கோயில் வாசல்ல நிக்கிறப்போ, திருவிழாச் சீலையக் கட்டிக்கிட்டு, தூக்குச்சட்டி தளும்பத் தளும்பத் தெருவோட நடந்து போனா. வாசனை முன்னால போச்சு, அவ பின்னால போனா.

கூடாரத்து முன்னால நின்னு, "ரசம் கொண்டாந்திருக்கேன் தம்பி"ன்னா.

ஈசுவரமூர்த்தி எந்திரிச்சு நின்னு, ரெண்டு கையையும் கூப்பி, இடுப்பை வளைச்சு ஒரு கும்பிடு போட்டாரு. "மன்னிச்சுக்கோங்க்கா. யாருகிட்டயும் எதுவும் வாங்கறதில்லைன்னு ஒரு வைராக்கியத்துல வந்திருக்கறோம்."

"ஒரு வாயாச்சும்?"

"வேண்டாமுங்க்கா."

அந்த வாசனைக்கு நாக்குல எச்சி ஊறி நின்னேன்னு கலாமணி பின்னால எங்கிட்டச் சொன்னா. மூர்த்தி சாருக்கோ அன்னைக்கு மனசு நெறைஞ்சு போச்சாம், வந்த முதல் சோதனையிலேயே செயிச்சுட்டோம்னு. ஒச்சம்மா அந்தத் தூக்குச்சட்டியைத் தளும்பத் தளும்பத் திருப்பி எடுத்துக்கிட்டு, அதே தெரு வழியா, அதே திருவிழாச் சீலையில, எங்க எல்லார் கண்ணு முன்னாடியும் வீட்டுக்கு நடந்து போனா. யாரும் ஒண்ணும் கேக்கல. கல்நெஞ்சுக்காரன் ஒருத்தன் வந்து சேந்திருக்கான்னு மட்டும் ஊரு முடிவு பண்ணிக்கிச்சு.

முறைப்படி அனுமதி வாங்கி மரத்தை வெட்ட ஆரம்பிச்சாரு. ஒவ்வொரு மரத்தையும் வெட்டுறதுக்கு முந்தி அடியில உக்காந்து தொட்டுக் கும்பிட்டு, "மன்னிச்சுக்கோ"ன்னு சொல்லுவாரு. மரத்துக்கெல்லாம் சொன்னாரு, எறும்புப் புத்துக்குச் சொன்னாரு, குட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடின அணிலுக்குச் சொன்னாரு. கொடி மரத்தோட சேந்து கிழிஞ்சு விழுந்துச்சு, இன்னும் முத்தாத பச்சைச் சரமெல்லாம் காலடியில நசுங்குச்சு. மிளகு போனா போகுது, அடுத்த வருஷம் நம்மளே நட்டுக்கலாம்னு பொண்டாட்டிக்கிட்டச் சொல்லியிருக்காரு. ஒச்சம்மா ரோட்டோரம் நின்னு பாத்துக்கிட்டே இருந்தா, கடைசி மரம் சாஞ்சதும் சீலையை உதறிக் கட்டிக்கிட்டுப் போயிட்டா.

மரம் சாஞ்சது, நெழல் சாயல.

அதுல பெருசாச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. காலையில வெயில் ஏறுச்சு, மரம் எல்லாம் பட்டை உரிச்சு அடுக்கிக் கெடக்கு, அது நின்ன எடத்துல நெழல் மட்டும் எப்பயும்போல காப்பிச்செடி மேல விழுந்து கெடந்துச்சு. சாயங்காலமானா எப்பயும்போலக் கெழக்கால நீண்டுச்சு, காத்தடிச்சா எலை நெழலும் அசைஞ்சுச்சு. மரம் இருந்த எடத்துல கையை வச்சா, கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, தண்ணிப்பானை வயித்தைத் தொட்டாப்புல குளுகுளுன்னு ஒரு தெடம் தெரியும். காக்கா முதல்ல ரெண்டு தரம் சுத்தி வந்து யோசிச்சுச்சு, அப்புறம் அந்த வெறுங்காத்துல உச்சியில போய் உக்காந்துக்கிச்சு. கொரங்குதான் ஏறப் பாத்து ஏறப் பாத்து வழுக்கி விழுந்து, ஒரு வாரம் ஊரையே முறைச்சுக்கிட்டுத் திரிஞ்சுச்சு.

ஊருக்கு என்ன, நெழல் கெடைச்சா சரி. ஆட்டைக் கொண்டாந்து கட்டினாங்க. மிளகு காயப்போட்டுக் காவல் இருக்கிற பொம்பளைங்க அங்க உக்காந்து பேன் பாத்தாங்க. தோட்டக்கலை ஆபீசர் வந்து, "மரம் இல்லாத தோட்டத்துல காப்பி எப்படிய்யா கருகாம இருக்கு?"ன்னு கேட்டு, நெழல்ல உக்காந்து, கட்டிக்கிட்டு வந்த தயிர்சாதத்தைத் தின்னு, ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சு, மேற்கொண்டு ஒண்ணும் கேக்காமப் போயிட்டாரு. போட்டோ எடுத்தா வெறும் வெயில்தான் விழுந்துச்சு, அதனால வெளியூர்க்காரன் எவனும் நம்பல, எங்களுக்கும் தொந்தரவு இல்ல. ஊர்த் தலைவர் மாயழகு தன் மகள் கல்யாணத்தை அங்க வச்சாரு. பந்தல் போடல, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு மட்டும் கொஞ்சம் முகம் சுருங்குச்சு, பந்தி நடக்கையில அதுவும் சரியாப்போச்சு.

கோடை மழை ரெண்டு பேஞ்சதும், அறுந்துபோன கொடி வேருலருந்து தளிரு விட்டுச்சு. தளிரு தரையில படரல. நெழலைப் பிடிச்சு ஏறுச்சு. ஒச்சம்மா வந்து, ஒரு வார்த்தை பேசாம, வாழைநாரு எடுத்துக் கொடியை நெழலோட சேத்துக் கட்டிவிட்டா. வழக்கத்துல அதுக்குத் தடையில்ல. மரத்துக்குத்தான் நெலத்துக்காரன், நெழலுக்கு எவன் பட்டா வச்சிருக்கான்?

இந்தப் பக்கம் ஈசுவரமூர்த்தி வீட்டைக் கட்டி முடிச்சுட்டாரு. சொல்லக் கூடாது, அழகுன்னா அழகு, அப்படி ஒரு அழகு! கட்டை மேல கட்டை, மூலையில கையைக் கோத்த மாதிரிப் பொருந்தி, இடுக்கெல்லாம் களிமண்ணு பூசி, கூரைக்கும் அந்த மரத்தையே சன்னமாப் பிளந்து பலகை போட்டு, கதவு, கட்டிலு, உறி மாட்டுற முளைக்குச்சி வரைக்கும் தன் கையால இழைச்சிருந்தாரு. பால் காய்ச்சி உள்ள போனாங்க. உள்ள வெயிலடிச்சுது.

மழை உள்ள வரல, காத்து உள்ள வரல, வெயில் மட்டும் கூரையும் செவுரும் இல்லாத மாதிரி நேரா உள்ள வந்துச்சு. மரம் வீடாயிருச்சு, நெழல் வீட்டோட குடிவரல. மூர்த்தி சாரு தகரம் போட்டுப் பாத்தாரு, அந்தக் கட்டை மேல பட்டதும் தகரமும் நெழலை விட்டுருச்சு. தென்னங்கீத்துப் போட்டாரு, சாணி மெழுகினாரு, படுதா கட்டினாரு, அந்த மரத்தைத் தொட்டதுக்கெல்லாம் அதே கதிதான். கையில பிடிச்ச குடைக்கு மட்டும்தான் நெழல் விழுந்துச்சு. அதனால ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள குடையைப் பிடிச்சுக்கிட்டுச் சமைச்சாங்க, குடையைப் பிடிச்சுக்கிட்டுச் சாப்பிட்டாங்க. ஒருத்தரு மதியம் கண்ணசந்தா இன்னொருத்தரு குடை பிடிச்சாங்க. கலாமணி கட்டில்லயே வடகம் காயப்போட்டா. பாலு பொழுது சாயறதுக்குள்ள திரிஞ்சுச்சு, வெதைக்குக் கட்டி வச்ச அவரைக்கொட்டை பொரிஞ்சுபோச்சு, தேனீ பெட்டியை விட்டு ஓடியே போச்சு.

ஊரு அதையும் பழகிக்கிச்சு. போற வர்றவங்க, "என்ன சார், இன்னைக்கு வீட்டுல வெயிலு எப்படி?"ன்னு கேட்டுட்டுப் போவாங்க. மாயழகு பொண்டாட்டி அப்பளத்தைக் கொண்டுபோய் அவங்க வீட்டுக்குள்ள காயவச்சு எடுத்துக்கிட்டு வந்தா.

மூர்த்தி சாரு மட்டும் பழகல. மரத்தை வெட்டின பாவம்னு நெனச்சாரு. வெட்டின நாளுலருந்து அந்த நெழலுக்குள்ள அவரு கால் வைக்கல, எதுக்க வந்தா வரப்பைச் சுத்திக்கிட்டுப் போவாரு. வெட்டின மரத்துக்குப் பதிலா நாத்து நட்டாரு, நட்டதுக்குத் தண்ணி சொமந்தாரு, ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்தாரு. "யாருக்கும் கெடுதல் பண்ணக் கூடாதுன்னுதானுங்க வந்தேன்"னு வழியில பாக்குற ஆளுக்கெல்லாம் சொல்லுவாரு. அதுக்கு நாங்க என்ன பதிலச் சொல்றது? கேட்டுட்டு, ஆமா சார்னு சொல்லிட்டு வந்துருவோம்.

கலாமணி பாவம், தோலு உரிஞ்சு, உதடு வெடிச்சு, பகல் பூரா போய் அந்த நெழல்லதான் உக்காந்திருப்பா. அவளை நெழல் ஏத்துக்கிச்சு, குளுந்துச்சு. ஆனா அவ வந்து உக்காந்தா ஒச்சம்மா எந்திரிச்சு அடுத்த கொடிக்குப் போயிருவா. ஒரு நாள் காலையில கலாமணி பையைத் தூக்கிக்கிட்டு வந்து என் வண்டியில ஏறிட்டா. முகமெல்லாம் வீங்கிக் கெடக்கு.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"எங்கம்மா வீட்டுக்குங்ண்ணா. பகலெல்லாம் ஊர் நெழல்ல உக்காந்துட்டு, பொழுது போனா வீட்டுக்குப் போற பொழப்பு எனக்கு எதுக்குங்? அவரு வர மாட்டாரு. இங்கயே வெந்து சாகோணும்னு இருக்கறாரு, சாகட்டும்." கொஞ்ச தூரம் அழுதுக்கிட்டே வந்தா. அப்புறம் மூக்கைத் தொடைச்சுக்கிட்டு, "ஒண்ணு மட்டும் கேக்கறனுங்ண்ணா. அந்த ஒச்சம்மாக்கா ஏன் என்ற மூஞ்சியவே பாக்க மாட்டேங்கறாங்க?"ன்னா.

"ரசத்தை வேணாம்னு சொன்னா பின்ன எப்படிம்மா பாப்பா?"

"அன்னைக்குக் கொண்டாந்தாங்களே, அந்த ரசமா? அதுக்காகவாங்ண்ணா?"

நான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திட்டேன். தெரியாதாம்! இவங்களுக்குத் தெரியாதாம்! கொடி யாரோடது, ரசம் எதுக்கு, வாங்காட்டி என்ன அர்த்தம், எல்லாத்தையும் அந்த வளைவுலயே நின்னு சொன்னேன். கேக்கக் கேக்க அந்தப் பொண்ணு தலையில தலையில அடிச்சுக்கிட்டா. "திருப்புங்ண்ணா வண்டிய, திருப்புங்"னு கத்தினா. வண்டியில இருந்த மத்தவங்க, அவங்க அவசரத்தையெல்லாம் விட்டுட்டு, "திருப்பு சவரி"ன்னாங்க.

கலாமணி போயி சொன்னதும், மூர்த்தி சாரு பிடிச்சிருந்த குடையைக் கீழ போட்டுட்டாரு. அப்புறம் மெதுவாக் கேட்டாரு, "அப்ப நான் போட்ட கும்பிடு?"

"அந்தக் கும்பிடுதாங்க அவங்கள வெளிய தள்ளுச்சு."

அவரு அப்பயே ஒச்சம்மா வீட்டுக்குப் போனாரு. நானும் போனேன், பாதி ஊரும் வந்துச்சு. ஒச்சம்மா மொறத்துல அரிசி பொடைச்சுக்கிட்டிருந்தா, நிமுந்தே பாக்கல. மூர்த்தி சாரு அவ கால்ல விழுந்துட்டாரு, நல்லா வளந்த ஆம்பளை, மண்ணுல மொகம் பட.

"எனக்குத் தெரியாதுங்க்கா. சத்தியமாத் தெரியாது."

"எந்திரி தம்பி. ஊரு பாக்குது."

"கொடி உங்களுதுன்னு தெரிஞ்சிருந்தா, ஒரு எலையத் தொட்டிருக்க மாட்டேன்."

அப்பத்தான் அவ மொறத்தைக் கீழ வச்சா. "கொடி போனா திரும்ப மொளைக்கும், மொளைச்சிருச்சு. நீ தெரியாமப் பண்ணியிருப்பேன்னு எனக்கும் இப்பத் தெரியுது. ஆனா தூக்குச்சட்டியைத் தூக்கிக்கிட்டு அந்தத் தெருவுல திரும்பி வந்தேனே, அந்த நடையை எங்கிட்டருந்து யாரு வாங்கிக்குவா? ரசத்தை வாசல்ல கொட்டிட்டு, அன்னைக்கு பூரா நான் சாப்பிடல. அதை இப்ப நீ வந்து விழுந்து எடுத்துருவியா?"

மொறத்தைத் திரும்ப எடுத்துப் பொடைக்க ஆரம்பிச்சுட்டா.

அடுத்த கெழமை ஊர்க்கூட்டம், அந்த நெழல்லதான் நடந்துச்சு. நாங்க எல்லாரும் குளுகுளுன்னு உள்ள உக்காந்திருக்கோம், அவரு எப்பயும்போல வெளிய வெயில்ல நிக்கிறாரு. "வீட்டைப் பிரிச்சுடறேனுங்க. ஒவ்வொரு கட்டையையும் அது நின்ன எடத்துலயே கொண்டுபோய்ப் போட்டு, மண்ணுக்கே விட்டுடறேன். நாங்க கெளம்பிடறோம். நெலத்தை அக்கா பேருக்கே எழுதி வச்சுடறேன்"னாரு.

மாயழகு பதறிப்போயிட்டாரு. "சார் சார், இருங்க. நீங்க பாட்டுக்குப் பிரிச்சுப் போட்டு, கட்டை மக்கி, அதுபின்னாடியே நெழலும் போயிருச்சுன்னா? வர்ற மாசம் எங்க திருவிழா இருக்கு. காப்பி பூவெடுக்கிற நேரம் வேற." உடனே ஆளாளுக்கு எந்திரிச்சுட்டாங்க. "ஆமா, அதெல்லாம் பிரிக்கக் கூடாது." "நல்லாத்தான இருக்கு, எதுக்குக் கையை வைக்கிறீங்க?" "தப்புப் பண்ணினது பண்ணினதா இருக்கட்டும் சார், அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்." ஒருத்தன் பாக்கியில்லாம, அவரு அந்த வீட்டுலயே இருக்கணும்னு சொல்லிட்டாங்க. அவரு வெந்தாத்தான் எங்களுக்குக் குளுரும்னு ஆனப்புறம், அந்த மனுசனைப் பாக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. ஆனாலும் கை தூக்குங்கன்னப்ப நானும்தான் தூக்கினேன்.

அவரு ஒச்சம்மாவைப் பாத்தாரு. அவ வெத்தலையைத் துப்பிட்டு எந்திரிச்சா.

"எனக்கு எதுக்குத் தம்பி உன் நெலம்? நீ நல்லாத் தூங்குறதுக்கு நான் நெலம் வாங்கணுமா? இரு. உன் கையால கட்டின வீட்டுல நீ இரு."

இருந்தாரு. கலாமணியும் போகல, அந்த மனுசனைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரலைன்னுட்டா. தை பொறந்துச்சு. நெழல் மேல ஏறின கொடி உச்சியைத் தொட்டுருச்சு, சரம் சரமாத் தொங்குது, எங்க மலையில அந்த மாதிரி வெளைச்சலை யாரும் பாத்ததில்ல. ஒச்சம்மா ஒத்தை மூங்கில் ஏணியைக் கொண்டாந்து நெழல்ல சாத்தினா, அது அசையாம நின்னுச்சு, ஏறிட்டா. கீழருந்து பாத்தா ஆகாசத்துல ஒரு பச்சைத் தூணு, அதுக்குப் பக்கத்துல எதுமேலயும் சாயாம ஒரு ஏணி, அதுல ஒரு பொம்பளை, முந்தியை மடிச்சு இடுப்புல சொருகி, பறிச்ச சரத்தையெல்லாம் அதுல போட்டுக்கிட்டு.

மூர்த்தி சாரு முதல் நாளு வந்து, "ஏணியப் புடிச்சுக்கட்டுங்களாக்கா?"ன்னு கேட்டாரு. "தேவையில்ல, நெழலு பிடிச்சிருக்கு"ன்னுட்டா. அப்படியும் அவரு போகல. நெழலு முடியிற எடத்துல, ஒரு அடி வெளிய, ஏணி சறுக்குனா ஓடி வர்ற தூரத்துல நின்னாரு. அவ பறிக்கிற வரைக்கும் நிப்பாரு, அவ எறங்கினா போவாரு, அடுத்த நாள் திரும்ப வருவாரு. குடை பிடிக்கல, தலையில துண்டு போடல. ஊரு அதையும் பழகிக்கிச்சு, நடுவுக்காட்டுல ஒரு கல்லு நட்டிருக்கிற மாதிரி அவரைச் சுத்திக்கிட்டுப் போக ஆரம்பிச்சுட்டோம்.

மாசி பொறந்து ஒரு மத்தியானம். வெயிலுன்னா வெயிலு, தரையெல்லாம் கானலு ஓடுது. மிளகு தூக்கிப் போட நான் வண்டியோட வந்து நெழல்ல நிக்கிறேன். ஒச்சம்மா ஏணி உச்சியில நின்னு கீழ பாத்தவ, பாத்துக்கிட்டே இருந்தா. மூர்த்தி சாரு கண்ணு செருகி, லேசா ஆடிக்கிட்டு நிக்கிறாரு.

"ஏப்பா திருப்பூரு! ஏன் அந்த வெயில்ல நின்னு சாகுற? உள்ள வா."

அவரு அசையல.

"உன்னையத்தான்யா. மன்னிச்சுட்டேன்னெல்லாம் நெனச்சுக்காத. மண்டை காயுது, பாக்கச் சகிக்கல. வா உள்ள."

ஒரு காலை எடுத்து வச்சாரு, அப்புறம் இன்னொரு கால். வெட்டுனதுலருந்து முதல் தடவையா அந்த நெழலுக்குள்ள வந்து, ஒரு மரத்தோட அடிக்கட்டைக்குப் பக்கத்துல நின்னாரு. ஆனா நெழல் அவரு மேல விழல. எங்க மேல விழுது, ஆட்டு மேல விழுது, காப்பிச்செடி மேல விழுது. அவரை மட்டும் தொடாம, ஓர் ஆளு அளவுக்கு வெலகி நின்னுக்கிச்சு. அந்தக் குளிர்ச்சிக்கு நடுவுல அவரு ஒருத்தரு மேல மட்டும் உச்சிவெயில் சுள்ளுன்னு அடிச்சுக்கிட்டிருந்துச்சு.

அவரு குனிஞ்சு தன் கையைப் பாத்தாரு, தோளைப் பாத்தாரு. கோவப்படல. "சரிங்"னு ரொம்ப மரியாதையா அந்த நெழல்கிட்டச் சொல்லிட்டு, வெளிய போகத் திரும்பினாரு. 

"நில்லுய்யா!"ன்னு ஒச்சம்மா மேலருந்து ஒரு அதட்டுப் போட்டா. ஏணியில தடதடன்னு எறங்கினா. எறங்குற வேகத்துல நெழலைப் பாத்துத் திட்டினா, மரத்தைத் திட்டினா, ஓடிப்போன புருஷனைத் திட்டினா, எங்க எல்லாரையும் சேத்துத் திட்டினா. வந்து அவரு முன்னாடி நின்னு, இடுப்புல சொருகியிருந்த முந்தியை ஒரே இழுப்பா உருவினா. காலையிலருந்து பறிச்ச மிளகுச் சரமெல்லாம் சடசடன்னு மண்ணுல கொட்டுச்சு. அவ கீழ பாக்கவே இல்ல. முந்தியை ரெண்டு கையாலயும் விரிச்சு, குதிகாலைத் தூக்கி எக்கி, அவரு தலைக்கு மேல பிடிச்சா.

அவரு முகத்துல நெழல் விழுந்துச்சு.

யாருகிட்டயும் எதுவும் வாங்காத மனுசன், அந்தக் கறைபட்ட சீலைத் துண்டுக்கு அடியில நின்னு, ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திக்கிட்டு, சத்தம் போட்டு அழுதாரு.

"கை கடுக்குதுய்யா, சீக்கிரம் அழுது முடி"ன்னா ஒச்சம்மா.

அவரால முடிக்க முடியல. கலாமணி ஓடி வந்து முந்தியோட இன்னொரு முனையைப் பிடிச்சுக்கிட்டா.